படத்தைப் பார்த்து வாங்கச் சொன்னவர்

ராயபுரம் ஸ்டேஷன் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அந்தோணி எதிரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "சேதி தெரியுமா சார்? நம்ம நோட்டீஸ் பாய் பூட்டாரு. இன்னிக்குக் காத்தால." நோட்டீஸ் பாய் என்கிற கரீம் பாய் சொல்வதையும், அவரைப் பற்றிச் சொல்வதையும் பாதியாகக் குறைத்து எடுத்துக்கொள்வது எங்கள் வட்டாரத்து வழக்கம். பாய் பொய் சொன்னதில்லை. சொல்கிற தோரணை அப்படி. இதையும் குறைத்துப் பார்த்தேன். குறையவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? தண்டையார்பேட்டையில் ரங்கசாமி நாயுடு நடத்திய கூந்தல் தைலக் கம்பெனியில் பாய் விளம்பர மானேஜர். நோட்டீசுக்கு வாசகம் எழுதுவது என் உத்தியோகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'கார்மேகம் நாணும் கருங்கூந்தல்' என்று எழுதிப் பெருமையோடு நீட்டினேன். பாய் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேகத்த எவன் மோந்து பாத்தான்? எண்ணெய் வாசனையா கீது, பிசுபிசுன்னு ஒட்டாது. அத்த எழுது தோஸ்து." நான் கற்ற தமிழெல்லாம் அவர் மேஜைக்கு அடியில் இருந்த குப்பைக் கூடையில்தான் கிடந்தது.

ஆனால் அவருடைய உண்மையான நம்பிக்கை எழுத்தில் இல்லை, படத்தில். தைலம் நன்றாக விற்கத் தொடங்கியதும் அதே போன்ற புட்டிகளில் போலிச் சரக்கு வந்துவிட்டது. கத்திவாக்கத்திலும் நெட்டுக்குப்பத்திலும் வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. எனவே பாய் நாயுடுவின் முகத்தையே லேபிளில் போட்டார். தோள்வரை தொங்கும் கன்னங்கரேலென்ற முடி, முறுக்கிய மீசை. கடை கடையாகப் போய்ச் சொன்னார்: "படத்தப் பாரு, வாங்கு. படம் இல்லைன்னா போலி." எண்ணூர் வரைக்கும் அந்தத் தலை பிரசித்தம். குழந்தைகள் நாயுடுவை நேரில் பார்த்தால், 'எண்ணெய்ப் புட்டி போகுது' என்று கத்தும்.

அப்படிப்பட்ட தலைக்குத்தான் ஆபத்து வந்தது. நாயுடுவின் ஒரே மகளுக்கு விஷஜுரம். டாக்டர் கைவிரித்துவிட்ட ராத்திரி, மனிதர் திருப்பதிக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டார். குழந்தை பிழைத்தது. வேண்டுதலை நிறைவேற்றிவிட்டு, மீசையும் இல்லாமல் வழவழவென்று வந்து நின்றார். எங்களுக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. திருவொற்றியூர்க் கடைக்காரர் ஒருவருக்குத் தெரியவே இல்லை. சரக்கு வண்டியோடு போனவரை, படத்தையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "நீதான்யா போலி" என்று உட்கார வைத்துவிட்டார். பாயே போய் மீட்டுக்கொண்டு வந்தார்.

மறுவாரமே எதிர்க் கம்பெனியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்: 'சொந்த எண்ணெயைத் தடவி முடி கொட்டிப்போச்சு!' மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். கடைகளிலிருந்து சரக்குத் திரும்பி வந்தது. கம்பெனியை மூடினால் புட்டி கழுவும் பெண்கள் முதல் நான் வரை எல்லோரும் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

ஆலோசனைக் கூட்டம் நடந்தது. கணக்குப்பிள்ளை, நாடகக் கம்பெனியில் ஒரு டோப்பா வாங்கி மாட்டலாம் என்றார். நான் தலைப்பாகை என்றேன். நாயுடு, முடி வளரும்வரை மாடியை விட்டு இறங்கப்போவதில்லை என்றார். பாய் வெற்றிலையை மென்று துப்பிவிட்டு வந்தார்.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சாலும் மறைக்கலாம், மொதலாளி. உங்க மண்டைய மறைக்க முடியாது. காட்டிடுவோம்."

எல்லோரும் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தோம். ஆனால் வேறு வழியும் இல்லை. மாட்டு வண்டியில் பேண்டு வாத்தியம் முழங்க, நாயுடு திறந்த தலையோடு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஊர்வலம் போனார். நோட்டீசில் பாய் என்னை எழுதவிட்டது இவ்வளவுதான்: 'மகளுக்காகத் திருப்பதியில் கொடுத்த முடி. ஞாயிறுதோறும் கல்மண்டபத்தில் எங்கள் கடைக்கு வந்து தலையைப் பார்க்கலாம்.'

"பாய், எண்ணெய் தடவாவிட்டாலும் முடி முளைக்குமே?" என்று கேட்டேன்.

"முளைக்கும். எண்ணெயாலதான் முளைக்குதுன்னு எங்கனா போட்டுகீதா? பாக்கலாம்னுதானே கீது. வந்து பாக்கட்டுமே."

வந்தார்கள். கடை வாசலில் நாற்காலி போட்டு நாயுடு உட்கார்ந்திருப்பார். மீன்கூடையோடு வந்த பெண்கள்கூட மண்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். முடி எந்த வாரம் முளைக்கும் என்று துறைமுகத்தில் பந்தயம் கட்டினார்கள். கோயில் உற்சவருக்குக்கூட அவ்வளவு கூட்டம் வந்திருக்குமா என்று நாயுடுவே சந்தேகப்பட்டார். எல்லாம் நன்றாகவே போயிற்று, முடி முளைக்கிறவரைக்கும்.

முளைத்ததெல்லாம் வெள்ளை. மனிதர் அத்தனை வருஷமும் மை தடவிக்கொண்டிருந்திருக்கிறார்! எங்களில் ஒருவருக்கும் தெரியாது. "பாய், ஒரே ஒருவாட்டி மை பூசிக்கிறேன்" என்று கெஞ்சினார். பாய் அசையவில்லை. "வந்து பாருன்னு கூப்ட்டுகினோம் மொதலாளி. கூப்ட்டு வந்தவன்கிட்ட வேஷம் போடக் கூடாது. பேஜாரா பூடும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நெட்டுக்குப்பத்துப் பெண்மணி ஒருத்தி முன்னால் வந்து குனிந்து பார்த்தாள். "இன்னா நைனா இது, வெள்ளையா கீது?"

நான் பாயைப் பார்த்தேன். பாய் நாயுடுவைப் பார்த்தார்.

"ஆமாம்மா," என்றார் நாயுடு. "எனக்கு நரைச்சு ரொம்ப வருஷமாச்சு. இத்தனை நாளும் மை."

சிரிப்பு கிளம்பியது பாருங்கள், கல்மண்டபமே அதிர்ந்தது. கம்பெனி கதை முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "எந்தப் பொண்ணுக்காக முடி குடுத்தே?" என்று கேட்டாள். கடைக்குள் இருந்த குழந்தை ஓடிவந்து அப்பாவின் மடியில் ஏறிக்கொண்டது. ஜுரத்தில் அதற்கும் முடி கொட்டிப் பூனைமயிர்தான் இருந்தது. இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"மொட்டையையும் காட்டிட்டான், நரையையும் காட்டிட்டான். இவன் எண்ணெயில மட்டும் இன்னாத்த மறைக்கப் போறான்? ரெண்டு புட்டி குடுய்யா."

அன்று கடையில் ஒரு புட்டி மிஞ்சவில்லை. அடுத்த மாதமே லேபிளில் நரைத்த கிராப்போடு புதிய படம் வந்தது. நாயுடு, கொஞ்சம் கறுப்பாக அச்சடிக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தார். "படமும் ஆளும் ஒண்ணா இருக்கணும் மொதலாளி," என்று பாய் முடித்துவிட்டார்.

இந்த அஞ்சலிக் கட்டுரைக்குப் பத்திரிகைக்காரர்கள் பாயின் படம் கேட்டார்கள். அவர் மகன் கொடுத்தது இளவயதுப் படம்: சுருட்டை முடி, கோட்டு, வரிசையான பற்கள். அழகான படம்தான். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பையனுக்குக் கோபம். "நல்லா இல்லியா சார்?" என்றான்.

"நல்லா இருக்கு தம்பி. ஆனா நான் பழகினவர் இவர் இல்லையே."

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பிடிவாதம் ஒன்றுதான். தேடிப் பிடித்து, போன வருஷம் எடுத்த படத்தைக் கொடுத்திருக்கிறேன். முன்பல் இரண்டும் இல்லை, தலையில் முடியும் இல்லை, வெற்றிலைச் சாறு தாடியில் வழிகிறது, வாய் கொள்ளாத சிரிப்பு. படத்தைப் பாருங்கள். இவர்தான் எங்கள் கரீம் பாய். வேறு எந்தப் படத்தைக் காட்டினாலும் போலி.