பீமனுக்கு வெயில் போதவில்லை

பீமன் முதலில் கைவிட்டது வாசற்படியை. முந்தின நாள்வரை உருண்டு புரண்டாவது ஏறிவிடுகிற நாலு மாத லாப்ரடார் குட்டி, அன்று கீழேயே உட்கார்ந்துகொண்டு எங்களைப் பார்த்துக் கத்தினான்.

"தொரைய தூக்கிகினு போவ ஆள் வேணுமா?" என்று மாமா அவனை அள்ளிக்கொண்டு வந்தார். மாமா என் கணவரின் அப்பா. குட்டிக்குப் பீமன் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். சில நாட்களில் முன்னங்கால்கள் இரண்டும் வெளிப்பக்கமாக வளையத் தொடங்கின. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

சித்திரையில் என் கணவருக்குச் சிறுநீரகக் கல் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பதாக மாமா மாலை போட்டுக்கொண்டார். அதுவரை வீட்டுக்குள் முட்டைகூட வரக்கூடாது. அந்த வாரம்தான் குட்டியும் வந்து சேர்ந்தான். ஆகவே அவனும் விரதத்தில் சேர்க்கப்பட்டான்: காலையில் பால் சோறு, ராத்திரி தயிர் சோறு. தட்டை நக்கித் துடைத்துவைப்பான். சைவக் குட்டி என்று நாங்களும் பெருமை பேசினோம்.

கால் வளைந்ததும் நானே வைத்தியரானேன். என் முதுகுவலிக்கு வைட்டமின் டி குறைவுதான் காரணம் என்று சொல்லி, வெயிலில் நிற்கச் சொல்லியிருந்தார் என் மருத்துவர். வாரம் ஒரு பாக்கெட் பொடியும் உண்டு. திருத்தணியில் வெயிலுக்கா பஞ்சம்? பீமனையும் தூக்கிக்கொண்டு தினமும் மொட்டை மாடிக்குப் போனேன். எனக்கு முதுகுவலி குறைந்தது. அவனோ தொட்டுத் தூக்கினாலே அழ ஆரம்பித்தான்.

அரக்கோணத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். அந்த டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை விளக்கில் வைத்துக் காட்டினார். வளர்தட்டு (எலும்பு நீளும் இடத்தில் இருக்கும் குருத்துப் பகுதி) கெட்டிப்படாமல் அகன்று கிடந்தது. ரிக்கெட்ஸ் (வைட்டமின் டி, சுண்ணாம்புச்சத்து போன்றவை போதாமல் வளரும் எலும்பு இளகி வளையும் நோய்) என்றார்.

"தினமும் வெயில்ல வெச்சேனே, டாக்டர்!"

"வெயில் பட்டா நம்ம தோல் வைட்டமின் டி செஞ்சுக்கும்மா. நாய்க்கும் பூனைக்கும் அப்படி நடக்கிறதே இல்லன்னு சொல்லலாம். சாப்பாட்டுல இருந்துதான் வரணும். இவனுக்கு என்ன குடுக்கறீங்க?"

மாமா கழுத்து மாலையைப் பிடித்துக்கொண்டே தயிர் சோற்றுக் கதையைச் சொன்னார். டாக்டரம்மா கடிந்துகொள்ளவில்லை. "இப்ப குதிச்சா, சறுக்கினாகூட எலும்பு உடையலாம். வளர்ற வயசுங்கிறதால கால் நேராயிட வாய்ப்பு இருக்கு. வளர்ச்சி நின்னுட்டா அப்புறம் கஷ்டம்," என்றார்.

கைப்பையிலிருந்து என் பொடிப் பாக்கெட்டை எடுத்து நீட்டினேன். பதறிவிட்டார். "இத மட்டும் குடுத்துடாதீங்க. அளவு மிஞ்சினா ரத்தத்துல கால்சியம் ஏறி, கிட்னியே போயிடும்." இதைப் படிப்பவர்கள் வீட்டில் நோயாளிக் குட்டி இருந்தால், இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் மருந்து அவர்களுக்கு மருந்தல்ல.

வெறும் கறியும் போதாதாம்; அதில் சுண்ணாம்புச்சத்து குறைவு. குட்டிகளுக்கென்றே எல்லாச் சத்தும் அளவாகச் சேர்த்த உலர்தீவனம் எழுதிக் கொடுத்தார். கோழியும் மீனும் கலந்தது. எலும்பு தேறும்வரை ஓடவும் விடக்கூடாது.

கிருத்திகைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. பஸ்ஸில் மாமா பீமனை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வீட்டில் என் கணவர் சமாதானமாகத் தொடங்கினார்: "நைனா, உங்க விரதம் முடியற வரிக்கும் இவன யார் ஊட்லயாவது உட்டு வெக்கலாமா?"

"வேண்டிக்கினது நானு. அவனா வேண்டிக்கினான்?" என்றார் மாமா. "முருகன் என் நாக்கத்தான் கேட்டாரு. இவன் கால கேக்கல. தட்ட எட்தாம்மா."

நான் தட்டை எடுக்க உள்ளே போய், அடுப்படியில் நின்று அழுதேன். அந்த மனிதரை அதுவரை நான் சரியாக அறிந்திருக்கவில்லை.

தீவனத்தைத் தொடும் வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் அவரே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் ஊட்டி முடித்ததும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சாமி விளக்கருகே போவார். குட்டிக்கு மூன்று வேளை என்றால் இவருக்கும் மூன்று குளியல். மேல்தொட்டி மத்தியானத்திலேயே காலியானது.

"இன்னா மாமா, மறுபடியும் தலைக்கா?"

"ஆங். பீமன் சாப்ட்டான்ல!"

கம்பித் தடுப்புக்குள் பீமன் எங்களைத் திட்டியபடி கிடந்தான். தரையெல்லாம் சாக்கு விரித்தோம். பாத்திரம் விழுந்தால்கூட, எலும்புதான் முறிந்துவிட்டதோ என்று ஓடுவேன். அந்த வாரங்களில் பயத்தைத் தவிர வேறெதுவும் என்னிடம் இல்லை.

கிருத்திகையன்று மாமா காவடி எடுத்து மலை ஏறி இறங்கினார். அடுத்த வாரம் மறுபடியும் எக்ஸ்ரே. டாக்டரம்மா படத்தைப் பார்த்துச் சிரித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. "நல்லா கெட்டிப்பட்டிருக்கு. இடது காலு மட்டும் லேசா வளைவு நிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா நடக்கவிடுங்க."

வெளியே முற்றத்தில் ஓர் ஆடு நின்றது. கொஞ்சம் கொஞ்சமாவது ஒன்றாவது! பீமன் கயிற்றோடு மாமாவையும் இழுத்துக்கொண்டு பாய்ந்தான். "டேய், மெதுவாடா, மெதுவா!" என்று கத்தியபடி பின்னால் ஓடிய மாமாவுக்குக் கண்ணெல்லாம் நீர். நான் சிரித்துச் சிரித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது அவன் வளர்ந்துவிட்டான். சித்திரையிலிருந்து ஆடிவரை எங்களுக்கு ஒரு விரதம். அவனுக்கோ, பிள்ளைப் பருவத்தில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விட்டது. அது தெரிந்தபிறகு "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எனக்குச் சொல்ல வருவதில்லை. தூங்கும்போது அவன் இடது காலைத் தடவிப் பார்க்கிறேன். சின்ன வளைவொன்று கையில் படுகிறது. அழுத்தினால் அவன் அழுவதில்லை. காலை இழுத்துக்கொண்டு, தொந்தரவு செய்யாதே என்று உறுமுகிறான்.