ஓரிரு இடங்களில் மழை

வானிலை அறிக்கையில் ‘ஓரிரு இடங்களில்’ என்று கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழைக்கு வாய்ப்பு. எந்த இடம், எப்போது, ஒன்றும் கிடையாது. பெய்தாலும் சொன்னது சரி, பெய்யாவிட்டாலும் சரி. இப்படி ஒரு பதிலை நான் ஆபீசில் சொல்லியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

மழை எங்களுக்கு வெறும் மழையாக இருந்திருந்தால் நான் ஏன் இவ்வளவு கோபப்படப் போகிறேன்? பெங்களூர் ஈஜிபுராவில் நாங்கள் இருந்தது தெருவின் தாழ்ந்த முனையில், தரைத்தளத்தில். மனைவி உண்டாகியிருந்தாள், மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாசி மாதத்தில் அவசரமாகப் பிடித்த வீடு. திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள் நாங்கள். பெரிய மழை என்றால் ஐப்பசிக்கு மேல்தானே, அதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். பெங்களூர் மழை சித்திரையிலேயே வந்து நின்றது.

அன்று குளியலறையில் தண்ணீர் போகிற ஓட்டை வழியாகச் சாக்கடை மேலே ஏறி வந்தது. யார் தலையிலிருந்தோ உதிர்ந்த முடிக்கற்றை, எவர் வீட்டிலோ மிஞ்சிய சோறு, மிதக்கிற மலம். ஊரில் இருக்கிறவர்கள் வயிற்றிலிருந்து போனதெல்லாம் என் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. நான் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வாளி வாளியாக மொண்டு கொட்டினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து குமட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, இன்னொரு தடவை இப்படி ஆனால், பிரசவத்துக்குப் போகிறவள் குழந்தையோடு இந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்று சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாதானப்படுத்தியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

அதிலிருந்துதான் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். போனில் மூன்று ஆப்கள் வைத்திருந்தேன், மூன்றும் மூன்று ஊரைப் பற்றிப் பேசின. அவற்றை அழித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். வானம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் போர்த்திக்கொண்டிருந்தால் பயமில்லை, தூறிவிட்டுப் போய்விடும். காலையில் பளிச்சென்று இருந்து, மத்தியானம் ஒரு பக்கத்தில் வெள்ளையாகக் கிளம்பி, உலையில் சோறு பொங்குகிற மாதிரி மேலே மேலே பொங்கும் மேகம்தான் மோசம். அதன் அடி தட்டையாகிக் கறுக்கும். பிறகு புழுதியோடு ஒரு குளிர்ந்த காற்று அடிக்கும். அதற்கப்புறம் ஓட்டையில் துணியைச் சுற்றித் திணித்து, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைக்கத்தான் நேரம் இருக்கும்.

தெரு வாட்ஸப் குரூப்பிலும் போட ஆரம்பித்தேன். இன்னும் அரை மணியில் பெரிய மழை, துணி எடுத்துக்கொள்ளுங்கள் என்று. இரண்டு முறை பலித்ததும் என்னை ‘மழை சார்’ ஆக்கிவிட்டார்கள். பெருமையாகத்தான் இருந்தது.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. மாமியார் வீட்டார் வந்து, வளையல் அடுக்கி, கலவை சாதம் பரிமாறி முடிப்பதற்குள் கிழக்கே அந்த மேகம் பொங்கிவிட்டது. ராகுகாலத்துக்கு முன்னால் அவளை அழைத்துக்கொண்டு கிளம்புவதாக ஏற்பாடு. அதுவரை தாங்கினால் போதும் என்று குரூப்பில் செய்தி போட்டுவிட்டு அம்மிக்கல்லை வைத்தேன். மழை இறங்கிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் கல் புரண்டது. துணி பிய்த்துக்கொண்டு வர, பின்னாலேயே அந்தக் கறுப்புத் தண்ணீர் வந்தது. மாமியாரின் பட்டுப்புடவைக் கரை நனைந்தது. புளிசாதப் பாத்திரத்தைச் சுற்றி மலம் மிதந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இவ்வளவு சீக்கிரம் எப்படி நிரம்பும் என்றுதான் எனக்குப் புரியவில்லை. முந்தைய மழைகளில் கல் புரண்டதில்லை, அதை விட்டு நான் வெளியே போனதும் இல்லை. அன்று நனைந்துகொண்டே தெருவின் மேல்பக்கம் ஓடினேன்.

அங்கே வீட்டுக்கு வீடு வாசலில் பாதாளச் சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து வைத்திருந்தார்கள். ரோட்டோரக் கால்வாயில் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கிடந்தன. அதை யாரும் தொடவில்லை. மாடித் தண்ணீர், ரோட்டுத் தண்ணீர் எல்லாம் சாக்கடைக் குழாயில் விழுந்து, எங்கள் முனையில் வேறு போக்கிடம் இல்லாமல் எங்கள் வீட்டுக்குள் எழும்பிக்கொண்டிருந்தது. மேல்முனை வீட்டுக்காரர் ஒருவர் கடப்பாரையும் கையுமாக நின்றார். அவர் வாசல் தண்ணீர் தேங்காமல் கழுவிவிட்ட களம்போல் சுத்தமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வாங்க சார். முன்னெல்லாம் மழ வந்தப்புறம் ஓடியாந்து தொறப்போம், அதுக்குள்ள வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும். இப்ப நீங்க மெசேஜ் போட்ட ஒடனே எல்லாரும் தொறந்துர்றோம். தும்ப தேங்க்ஸ் சார், ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்.”

அந்த மனிதரின் சிரிப்பைவிட அருவருப்பான ஒன்றை நான் அந்தச் சாக்கடையில்கூடப் பார்க்கவில்லை. கீழ்முனை வீடுகளுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். நன்றி சொன்ன அதே வாயால், கீழே இருந்தால் அப்படித்தான் என்றார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். கை நிறைய வளையலோடு, நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். பிறகு அம்மாவின் தோளைப் பிடித்தபடி அந்தத் தண்ணீரில் இறங்கி வாசலுக்கு நடந்தாள். படியில் நின்று, குடிக்கிற கேன் தண்ணீரை ஊற்றச் சொல்லிக் காலைக் கழுவிக்கொண்டாள்.

“நான் கெளம்பறேன். நீங்க இருந்து அவங்களுக்கு மழ பாத்துச் சொல்லுங்க.”