பிள்ளை பெருத்துவிடும் என்றார்கள்

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானல் மலைமேல் இருக்கும் கூக்காலுக்கு மருமகளாகப் போனேன். பிறந்த ஊர் மலையடிவாரத்துப் பாலசமுத்திரம். என் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டாள். அதனால் தலைப்பிரசவத்துக்கு என்னை அழைத்துப்போக ஆளில்லை. கணவர் வீட்டிலேயே பிள்ளை பெறுவது என்று ஆயிற்று. அந்த வீட்டில் மாமியார், கணவர், நான் மூன்று பேர்தான்; நாத்தனாரை ஏற்கெனவே கட்டிக்கொடுத்திருந்தார்கள். பூண்டும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் போட்டிருந்தோம். கறவை மாடு ஒன்று நின்றது.

ஏழாம் மாதம் தொடங்கியதும் என் தட்டில் களி உருண்டை சிறுத்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

"போதும் தாயி. வயித்துல பிள்ள பெருத்துட்டா எப்படி வெளிய வரும்? ஒனக்கு இடுப்பும் ஒடுக்கம். இங்க என்ன டாக்டரா உக்காந்திருக்காக? மேல வீட்டுக்காரிய கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போகையில பாதி வழியிலயே போயிட்டா" என்றார் மாமியார்.

அதட்டிச் சொல்லவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். பால் குடித்தால் பிள்ளை கொழுத்துவிடும் என்று பாலையும் நிறுத்தினார். கறந்த பாலெல்லாம் டீக்கடைக்குப் போனது. நான் அடுப்பில் வெந்நீர் வைத்துக் குடித்துவிட்டுப் படுப்பேன். மலைக்குளிரில் பசி அடங்காது. பீன்ஸ் பறிக்கப் போகும்போது பிஞ்சுகளைப் பச்சையாகவே மென்று விழுங்குவேன். ஒரு நாள் கணவர் அதைப் பார்த்துவிட்டார்.

"அம்மா சொன்னதக் கேளு புள்ள. ஒன் நல்லதுக்குத்தான்" என்றார்.

அவர் சொன்ன பிறகு அதையும் விட்டுவிட்டேன்.

மகள் பிறந்தபோது வலி அதிக நேரம் இல்லை. உள்ளங்கை இரண்டையும் சேர்த்தால் அடங்கிவிடும் அளவுக்கு இருந்தாள். தோல் தளர்ந்து, முகம் கிழவி முகம் போல இருந்தது. ஆனால் உயிரோடு இருந்தாள், நானும் இருந்தேன். அத்தை சொன்னபடி நடந்ததால்தான் பிழைத்தோம் என்று மனதார நம்பினேன். தீட்டுக் கழிந்து எழுந்ததும் முதல் வேலையாக அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

மகள் நடக்கப் பழகி ஓடத் தொடங்கிய சமயம், என் நாத்தனார் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். எனக்கு அவள்மேல் பிரியம்தான். என்னைவிடச் சின்னவள், ஒல்லி, இடுப்பும் என்னைப் போலத்தான்.

வந்த மறுநாளே டீக்கடைக்குப் பால் போவது நின்றது. காலையில் ஒரு செம்பு, ராத்திரி ஒரு செம்பு அவளுக்கு. காய்கறி லாரியில் கொடைக்கானல் சந்தைக்குப் போய்வரும் என் கணவர், தங்கைக்காக முட்டையும் ஆரஞ்சும் வாங்கிவந்தார். நெய் உருக்கும் வாசனை வீடெல்லாம் நிறைந்தது. உருக்கியதும் நான்தான். முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பயம்தான் வந்தது. மாமியார் மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"அத்தே, இம்புட்டுக் குடுத்தா பிள்ள பெருத்துராதா?"

"பெருத்தா பெருத்துட்டுப் போகுது. மாசம் நெருங்கவும் அவள கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போயிருவோம்ல. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே ரூமுக்குச் சொல்லியாச்சு. வயித்துல இருக்கும்போது தின்னாத்தான பிள்ள தெம்பா இருக்கும்?"

"என்னயும் அங்க கூட்டிட்டுப் போயிருக்கலாமே அத்தே."

 நெய் காந்துகிறது, இறக்கு என்றார் அவர்.

அன்று சாயங்காலம் பூண்டு காயவைத்த இடத்தில் கணவரிடம் கேட்டேன். வயிற்றில் இருக்கும்போது சாப்பிட்டால்தான் பிள்ளைக்குத் தெம்பு என்று உங்களுக்கு முன்னமே தெரியுமா என்று. பூண்டைப் புரட்டிக்கொண்டே, "தெரியும். ஆனா ஆஸ்பத்திரிச் செலவு வேணாம்னு அம்மா சொல்லிருச்சு. அதுக்கு மேல நான் என்ன பேச?" என்றார்.

மாமியார் செய்ததை விட இந்தச் சாதாரணக் குரல்தான் என்னை உடைத்தது. நான் வயிற்றில் சுமந்திருந்தபோதும் வாரந்தோறும் அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் அவர் ஏறிய லாரி போய்வந்திருக்கிறது.

நாத்தனாருக்கு ஆண் பிள்ளை பிறந்தது. நல்ல எடை, தொடையில் மடிப்பு. அந்தப் பிள்ளையை நான்தான் குளிப்பாட்டினேன். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

என் மகளுக்கு விட்டதையெல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்று வெறியாக இருந்தது. சோறு, உருளைக்கிழங்கு, கருப்பட்டி, கேட்டதெல்லாம் ஊட்டினேன். பள்ளிக்கூடம் போகும் வயதில் கன்னம் உப்பி உருண்டையாக இருந்தாள். பார்த்தவர்களெல்லாம் தேறிவிட்டாள் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பழனியில் கட்டிக்கொடுத்தோம். முப்பது வயதைத் தாண்டியதும் அவளுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் அது இருந்ததில்லை. திண்டுக்கல்லில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். பிறந்தபோது எப்படி இருந்தாள், வயிற்றில் இருக்கும்போது நான் என்ன சாப்பிட்டேன் என்றெல்லாம் அவர் கேட்டார். சொன்னேன்.

"கருவுல பட்டினியா இருந்த பிள்ளையோட உடம்பு, கொஞ்சத்த வச்சுப் பிழைக்கிற மாதிரி அமைஞ்சிரும்மா. அப்புறம் வேகமா சதை போட்டா அதால சமாளிக்க முடியாது. இது ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்லல. இதுவும் இருக்கலாம்" என்றார்.

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.  "அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னேன். மாமியார் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

"அந்தக் காலத்துல இதெல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

"ஒங்க தங்கச்சி விஷயத்துல மட்டும் தெரிஞ்சிருந்துச்சே."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்.

மகளுக்கு மாத்திரை போதாமல் ஊசி வரைக்கும் வந்துவிட்டது. கால் விரலில் ஒரு சின்னப் புண் வந்தாலும் அது ஆறும்வரை தினமும் போன் போட்டு விசாரிக்கிறேன். நானும் அவரும் கடைசிவரை ஒரே வீட்டில்தான் இருந்தோம். விளைச்சலைப் பற்றிப் பேசினோம், கல்யாணம் காட்சிக்குச் சேர்ந்து போனோம். எனக்கு உடம்பு சரியில்லை என்றால் மட்டும் அவரிடம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.