பஞ்சு என்றால் எந்தப் பஞ்சு?

படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று என் கணவர் பத்து நாளாக உட்கார்ந்தே தூங்கினார். நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருந்தது. அதைச் சோதித்ததில் புற்றுநோய் என்றார்கள். முன்பு என்ன வேலை என்று டாக்டர் கேட்டார்.

"பஞ்சு வேலை" என்றேன். எங்கள் தூத்துக்குடியில் அப்படிச் சொன்னால் நூல் மில் என்றுதான் நினைப்பார்கள். ஃபைலில் அப்படியே ஏறியது. பீடி பிடிப்பவர் வேறு. நுரையீரல் புற்றுநோய் என்று முடிவானது.

மருந்து ஏற்றுவதற்கு முதல் நாள், ஸ்கேனைப் பார்த்த இன்னொரு டாக்டர், "எந்த மில்லும்மா?" என்றார்.

என் கணவரே மூச்சிரைத்துக்கொண்டு பதில் சொன்னார். "மில்லு இல்ல சார். ஹார்பர்ல கப்பல் ரிப்பேரு. இன்ஜின் ரூம் குழாயில சுத்தியிருக்க பஞ்ச உரிப்போம்."

"அது பஞ்சு இல்லய்யா, கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூசி மூச்சுல போனாலே பல வருஷம் கழிச்சுக்கூட புற்று வரும்" என்று டாக்டர் ஃபைலில் எழுதியிருந்த பஞ்சு வேலையை அடித்தார்.

நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று அங்கேதான் தொடங்கியிருந்தது. நோயும் வேறு, மருந்தும் வேறு. இப்போது அந்த மருந்துதான் ஏறுகிறது. குணமாகிவிடும் என்று யாரும் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் எனக்குக் காட்டப் போகும்போது ஆஸ்பத்திரியில் என் வேலையைக் கேட்டால், "வீட்டுலதான் இருக்கேன்" என்பதோடு நான் நிறுத்துவதில்லை. "பன்னெண்டு வருஷம் அந்தப் பஞ்சு ஒட்டின சட்டைய நாந்தான் உதறித் துவைச்சேன், அதையும் எழுதிக்கிடுங்க" என்கிறேன்.