மிஸ் கேட்டதற்காக வைத்த கையெழுத்து

ஒரே கிளினிக்கில் நாற்பத்தொரு தாய்மாரிடம் கையெழுத்து வாங்கி முடித்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அப்போது நான் பூநகரிப் பக்கத்தில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற மருத்துவமாது. இவ்வளவு வேகமாக இதை வேறு யாரால் செய்ய முடியும் என்று எனக்கு நல்ல தலைக்கனம்.

வேலை இதுதான். ஆறு மாதக் குழந்தைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று ஓர் ஆய்வு. குதிக்காலில் குத்தி இரண்டு சொட்டு இரத்தம் எடுக்க வேண்டும். எதிக்ஸ் கொமிட்டி அனுமதி கொடுத்தபோது ஒரு நிபந்தனையும் போட்டிருந்தது. என்னைப் போலத் தாய்மாரைப் பராமரிப்பவர்கள் சம்மதம் கேட்கக் கூடாது. வெளியாள் ஒருவர்தான் விளக்கிச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கென்று நெளுக்குளத்திலிருந்து ஒரு பெண்ணை நியமித்திருந்தார்கள். எங்கள் பக்கம் பஸ் ஓடுகிற சீருக்கு, அன்று அவள் வந்து சேரவில்லை.

ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டர் போனில் சொன்னார்: "மிஸ், நீங்களே எடுத்துவிடுங்கோ. சனம் உங்கட சொல்லைத்தானே கேக்கும்."

கேட்கும்தான். அதுதான் பிழையே. படிவத்தைக் குழந்தையின் நிறையும் ஊசியும் பதிகிற கிளினிக் கொப்பிக்குள் செருகி, நிறை பார்க்கிற இடத்தில் வைத்தே நீட்டினேன். நிவாரணம், மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம் என்று எத்தனையோ தாளில் கையெழுத்து வைத்துப் பழகிய சனம். "எங்க மிஸ் வைக்கிறது?" என்பதைத் தவிர ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரத்தம் எடுப்பது அடுத்த புதன்கிழமை. திங்களன்று வீடுகள் பார்க்கப் போனபோது ஜெசிந்தா என்ற தாய், குழந்தையின் இரண்டு காலுக்கும் சொக்ஸ் போட்டு மடியில் இறுக்கி வைத்திருந்தாள். அந்த வெயிலில் சொக்ஸ்.

"என்ன பிள்ளை, காய்ச்சலோ?"

"இல்லை மிஸ்." சொக்ஸை மேலே இழுத்துவிட்டபடி, "புதன்கிழமை குத்தத்தான் வேணுமோ?" என்றாள்.

அவளுடைய மூத்த குழந்தை பிறந்து ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தது. கடைசி வரை குதிக்காலில் குத்திக் குத்தி இரத்தம் எடுத்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் படிவத்தை நீட்டியிருக்கிறேன்.

"விருப்பமில்லையெண்டா ஏன் பிள்ளை சைன் வச்சனீர்?"

"நீங்கள் கேட்டா எப்பிடி மிஸ் மாட்டன் எண்டுறது? இவன் பிறக்க வலி கண்ட நேரம் மழைக்குள்ள என்னைப் பிடிச்சு ஆட்டோவில ஏத்தினது நீங்களெல்லே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாற்பத்தொரு பேரும் எனக்குத்தான் ஓம் சொல்லியிருந்தார்கள், ஆய்வுக்கு அல்ல.

அன்றே டொக்டரிடம் சொன்னேன். "சைன் இருக்குத்தானே மிஸ், பிறகென்ன?" என்றார்.

"நிபந்தனையை மீறிப்போட்டன் டொக்டர். கொமிட்டிக்கு எழுதித் தாறன்."

கடைசியில் அவர், "எடுக்கச் சொன்னது நான். ரெண்டு பேருமா எழுதுவம்" என்றார். மனுசன் கோபக்காரர், ஆனால் நேர்மையானவர்.

படிவங்கள் எல்லாம் ரத்தாகின. ஆய்வு இழுபட்டது. நெளுக்குளத்துப் பெண் வீடு வீடாகப் போய், வாசித்துக் காட்டி, யோசிக்க நாள் கொடுத்து, மறுபடி கேட்டாள். சிலர் மாட்டோம் என்றார்கள். யார் யார் என்று எனக்குச் சொல்லக் கூடாது என்பது ஒழுங்கு. அவள் சொல்லவுமில்லை.

ஆனால் ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு ஜெசிந்தா வரவில்லை. கிளினிக்கை மற்ற மிஸ்ஸிடம் விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். என்னைக் கண்டதும் எழும்பி நின்றாள்.

"நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன் மிஸ். நீங்கள் கோவத்தில இருப்பியள் எண்டுதான் வரேல்லை."

தாய் ஆய்வுக்கு மாட்டேன் என்றதால் ஒரு குழந்தை தடுப்பூசியைத் தவறவிடப் பார்த்தது. கொமிட்டிக்குக் கடிதம் எழுதியபோது இந்த ஆபத்து எனக்குத் தோன்றவே இல்லை.

"கோவமில்லை பிள்ளை. கொப்பியை எடுத்துக்கொண்டு வாரும், ஊசிக்கு நேரம் போகுது" என்றேன்.

இப்போது ஆய்வுகளுக்கு வேலை செய்ய வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எத்தனை பேர் ஓம் என்றார்கள் என்று பிறகு பாருங்கள். மாட்டேன் என்ற தாய் அடுத்த கிளினிக்குக்கு வந்தாளா என்று முதலில் பாருங்கள்.