அப்பளம் நமுக்காத பெட்டி

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்குக் கண்ணால் பார்த்தால் போதாது, திரையில் தெரிந்தால்தான் நம்பிக்கை வரும். நான் அப்படிப்பட்ட ஆள். தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் இத்தனை வருடமாகக் கேமராவும் தோளுமாக அலைந்ததில் வந்த புத்தி. அதனால்தான் என் மனைவி "கால் அசையுதுங்க" என்று சொன்னபோது, "எங்க, காட்டு" என்றேன்.

கால் எங்கள் மகளுடையது. மூன்று வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இடது காலை இளைக்க வைத்துவிட்டுப் போனது. இப்போது அவளுக்கு ஒன்பது. சனிக்கிழமைதோறும் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போவோம். அங்கே வெதுவெதுப்பான தண்ணீர்க் குளத்தில் அவளுக்குப் பயிற்சி. டீச்சர் முன்னால் நின்று அவளைக் குப்புறத் தாங்கிக்கொள்வார். என் மனைவி பின்னால் நின்று, இடது பாதத்துக்கு நேராக உள்ளங்கையை வைத்துக் காத்திருப்பாள். அந்தக் கையை மகள் உதைக்க வேண்டும். கரையில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நுரையும் அவள் சிரிப்பும் மட்டும்தான் தெரியும். எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் தண்ணீர் என்றால் ட்ரம்மில் பிடித்து வைத்தது, இல்லாவிட்டால் மூடிய சுரங்கத்துக்குள் நிரம்பிக் கிடப்பது. இரண்டிலும் யாரும் இறங்க மாட்டார்கள்.

சனிக்கிழமை என்பது எங்கள் தொழிலில் ரிசப்ஷன் நாள். வருகிற வேலையை விட்டுவிட்டுப் போகிறோமே என்ற கடுப்பு எனக்கு. ஒருநாள் வாய் மிஞ்சிவிட்டது.

"இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம். ஒண்ணும் அசையல."

"என் கையில ஒதைக்கிறா. எனக்குத் தெரியாதா?"

"அப்போ தண்ணிக்குள்ள கேமரா எறக்கிப் பாத்துடலாம். அசைஞ்சா போவோம். இல்லன்னா இத்தோட போதும்."

சொல்லும்போதே எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

கேமராவைத் தண்ணீருக்குள் கொண்டுபோகும் பெட்டியைக் கடைக்காரர்கள் ஹவுசிங் என்கிறார்கள். முதலில் வாங்கியது ஒரு பிளாஸ்டிக் உறை. வாயை மூன்று சுற்றுச் சுருட்டிப் பூட்ட வேண்டும். என்னிடம் இருப்பதோ ஒரே கேமரா. சுரங்கம் ஓடிய நாளில், ஆளை ஏற்றுவதற்கு முன்பு கேஜ் என்கிற இரும்புக் கூண்டை ஒருமுறை வெறுமனே இறக்கி ஏற்றிப் பார்ப்பார்களாம். சுரங்கம் போனாலும் பேச்சு போகவில்லை. எங்கள் லைன் வீடுகளில் புது குக்கர் வாங்கினால்கூட "மொதல்ல வெறும் கேஜ்" என்பார்கள்.

உறைக்கும் வெறும் கேஜ்தான். ஈரம் புகுந்தால் தெரிய வேண்டுமே என்று நான் காகிதம் தேட, என் மனைவி டப்பாவைத் திறந்து ஓர் அப்பளத்தை எடுத்து உள்ளே போட்டாள். வாசல் ட்ரம்மில் அமுக்கினோம். காற்று இருந்ததால் மேலே மேலே வந்தது. அம்மிக் குழவியைக் கழுவி அதன்மேல் ஏற்றினோம். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாம்மா, தண்ணி வர்றதே வாரத்துக்கு ஒருவாட்டி, இதுல குழவிக்குக் குளியலா?" என்றார். சோறு வேகிற நேரம் கழித்து எடுத்தால், அப்பளம் நமுத்து நாலாக மடிந்தது.

இரண்டாவது, பெங்களூரில் கிடைத்த பழைய கெட்டிப் பெட்டி. அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அப்பளம் கூழாகிவிட்டது.

மூன்றாவது என் கேமராவுக்கென்றே செய்தது. கண்ணாடி போன்ற பெட்டி, இரண்டு கொக்கி, மஞ்சள் கைப்பிடி. மகள் அந்த மஞ்சளுக்காகவே அதைப் பிடித்துக்கொண்டாள். பூட்டுவதற்கு முன் என் மனைவி ரப்பர் வளையத்தை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவினாள். அதில் ஒட்டியிருந்த அவளுடைய தலைமுடி ஒன்றை எடுத்துப் போட்டாள். "இது போதுங்க, தண்ணி உள்ள வர." அன்று அப்பளம் மொறுமொறுவென்று வெளியே வந்தது. பொரித்து மகளுக்கே கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமை பெட்டியை ஒரு கம்பின் முனையில் கட்டி, கரையில் இருந்தபடியே குளத்துக்குள் இறக்கிப் படம் பிடித்தேன். அதைத் திரும்பும் ரயிலில்தான் போட்டுப் பார்த்தேன். மகள் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இடது கால் அசையவில்லை. வலது கால் அதன் அடியில் போய், கணுக்காலைக் கொக்கி போல மாட்டித் தூக்கி, அம்மாவின் உள்ளங்கையில் கொண்டுபோய் மோத வைத்தது. மறுபடியும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் அப்படியே. அம்மாவுக்காக ஒரு காலைக்கொண்டு இன்னொரு காலைச் சுமந்துகொண்டிருந்தாள் என் பெண்.

நிமிர்ந்தபோது மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது கால்தான?" என்றாள் மெதுவாக.

"உனக்குத் தெரியுமா?"

"கையில படுறது ரெண்டு காலு. தெரியாம இருக்குமா? இஸ்துகினு வந்தாவது அந்தக் கால் ஆடுதே. ஆட ஆட வரும்னு டீச்சர் சொல்றாங்க."

"அப்போ என்கிட்ட ஏன் அசையுதுன்னு சொன்ன?"

"நீங்க நம்பினாத்தான கூட்டினு வருவீங்க."

பங்காருப்பேட்டை தாண்டியதும் கேட்டேன், "கேமராவுல மாட்டிக்குவன்னு தெரிஞ்சும் ஏன் அந்த முடிய எடுத்துப் போட்ட? தண்ணி பூந்திருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காதே."

"நல்லா கேட்டீங்க போங்க. அது உங்க கேமராவாச்சே" என்றாள்.

எத்தனையோ கல்யாணத்தைப் படம் பிடித்திருக்கிறேன். கல்யாணம் என்றால் என்ன என்று அன்றைக்கு அந்த ரயிலில்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் பதிவை அழித்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, டிரவுசர் போட்டுக்கொண்டு, கைப்பிடிக் கம்பியை விட மனமில்லாமல் குளத்துக்குள் இறங்கினேன். மனைவி இடத்தைக் காட்டினாள். நான் உள்ளங்கையை வைத்துக் காத்திருந்தேன்.

பாதம் வந்து மோதியது. கூடவே வலது கால் கட்டைவிரலும் இடித்தது. மகள் தலையைத் திருப்பி, "டாடி, அசைஞ்சுதா?" என்று கேட்டாள்.

"ஐயோ, கை வலிக்குதுடி. கொஞ்சம் மெதுவா ஒதை" என்றேன்.