மாமனார் கனைப்பு

எங்கள் குடும்பத்தில் ஆண்கள் கனைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருவார்கள். உள்ளே பெண்கள் தலை வாரிக்கொண்டிருக்கலாம், காலை நீட்டிப் படுத்திருக்கலாம். கனைப்பைக் கேட்டதும் சுதாரித்துக்கொள்வார்கள். கதவைத் தட்டுவதைவிட மரியாதையான வழக்கம் என்று நினைத்தே வளர்ந்தவன் நான். அதுவே எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி காலமான பிறகு, ஜீவனஹள்ளி வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை மகனும் மருமகளும்தான். கல்யாணமாகி ஒரு வருஷம் திரும்புவதற்குள், நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஹெப்பகோடியில் வீடு பார்க்கிறோம் என்றான் மகன். மருமகளுக்கு வேலை அந்தப் பக்கம். தினமும் டிராஃபிக்கில் அல்லாடுகிறாள், நியாயம்தான் என்றேன். சொன்னேனே தவிர, மனசு ஒப்பவில்லை.

மகன் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"டிராஃபிக் மட்டும் இல்லப்பா. அவ எது செஞ்சாலும் உங்களுக்குப் பிடிக்கலையாம்."

"நான் என்னடா சொன்னேன்?"

"சொல்றதில்ல. கனைக்கிறீங்க. லேட்டா எழுந்தா ஒண்ணு, குழம்ப வாயில வெச்சா ஒண்ணு, அவ போன்ல சிரிச்சா ஒண்ணு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தொண்டையில ஏதோ நிக்குதுடா! அதுக்கும் பர்மிஷன் வாங்கணுமா?" என்று கத்தினேன். கத்திய வேகத்தில் ஒரு கனைப்பும் வந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றுபோனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அதுவரை மிளகு, கற்பூரவல்லி, இருமல் மிட்டாய் என்று தொண்டையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தொண்டை மேல தப்பில்ல சார். மூக்குல சுரக்கிற சளி பின்பக்கமா இறங்குது. எல்லாருக்கும் இறங்கும், தெரியாமலே முழுங்கிடுவோம். உங்களுக்கு டஸ்ட் அலர்ஜி, அதான் கெட்டியா இறங்கி அங்கேயே நிக்குது. கனைக்கக் கனைக்க தொண்டை எரிச்சலாகும். எரிச்சலானா இன்னும் கனைக்கத் தோணும். தோணுறப்பல்லாம் ஒரு வாய் தண்ணி குடிங்க."

மூக்குக்கு ஒரு ஸ்ப்ரே கொடுத்தார். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவச் சொன்னார். தலைமாட்டை உயர்த்திப் படுக்கச் சொன்னார். முதல் நாள் கழுவியபோது நான் போட்ட சத்தத்தில் மருமகள் குளியலறைக்கு ஓடிவந்தாள்.

"என்னாச்சு மாமா?"

மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "மூக்குச் சளி தொண்டையில இறங்குதாம்மா. அதுக்குத்தான் கனைச்சேன். உன்னைப் பார்த்து இல்ல," என்றேன். இதைவிடக் கேவலமான கோலத்தில் யாரும் யாரையும் சமாதானப்படுத்தியிருக்க மாட்டார்கள். அவள் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலை, கொதித்து ஆறிய தண்ணீர் தட்டு போட்டு மூடி என் அறை வாசலில் இருந்தது.

சில வாரங்களில் தொண்டை அடங்கியது. ஒரு சனிக்கிழமை மாலை நடந்துவிட்டு வந்து, சத்தமில்லாமல் கதவைத் திறந்தேன். சமையலறையில் மருமகள் பாடிக்கொண்டிருந்தாள். நல்ல கனமான குரல். இந்த வீட்டில் அவள் பாடி நான் கேட்டதே இல்லை. எப்படிக் கேட்டிருப்பேன்? வாசலிலேயே கனைத்து நிறுத்தியிருக்கிறேனே! பாழாய்ப்போன தொண்டை அந்த நேரம் பார்த்து அரித்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். பாட்டு முடியும்வரை குடித்துக்கொண்டே நின்றேன்.

திரும்பியவள் திடுக்கிட்டாள். "ஐயோ மாமா! எப்ப வந்தீங்க? ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா?"

"டாக்டர் கூடாதுன்னுட்டாரும்மா. நீ பாடு."

முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள், ஹெப்பகோடிக்கு வீடு பார்க்கப் போகவேண்டும் என்று மகன் நினைவுபடுத்தினான். "வெயில் தாழட்டும்," என்றாள் மருமகள். வெயில் தாழ்ந்தது. அவள் கிளம்புவதற்குப் பதில் காப்பி போட எழுந்தாள்.